குடியை முழுதாக விடாமல் குறைக்கலாமா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அளவைக் குறைப்பது, குடிக்கு முன் மாத்திரை போடுவது, ஹெரோயின் தூளுக்குப் பதில் மருந்து எடுப்பது என்று முழுதாக விடுவதைத் தவிர்த்தும் சில வழிகள் உண்டு. அவற்றைப் பற்றிக் குடிப்பவர்களும் வீட்டுக்காரரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சாராயத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம், இங்கே அதிகம் குடிகெடுப்பது அதுதான் என்பதால்.

முழுதாக விடாமல் குறைத்தால் அதைக் குணம் என்று சொல்லலாமா?

சிலருக்குச் சொல்லலாம். யாருக்கு என்பதை உடம்புதான் தீர்மானிக்கிறது, மன உறுதி அல்ல. 1962 இல் லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த டேவிஸ் என்ற மருத்துவர், சிகிச்சை பெற்ற 93 குடிநோயாளிகளில் 7 பேர் பின்னாளில் அளவோடு குடிக்கிறார்கள் என்று எழுதினார். பெரிய சண்டையே நடந்தது. 1985 இல் அதே ஏழு பேரையும் தேடிப் பார்த்தபோது அவர்களில் பெரும்பாலோர் திரும்பவும் குடியால் சிக்கலில் விழுந்திருந்தது தெரிந்தது. தப்பியது ஓரிருவர்தான்.

ஆகவே குறைப்பது பொய் வைத்தியமும் இல்லை, எல்லாருக்குமான வைத்தியமும் இல்லை. கை நடுக்கமோ காலைக் குடியோ இல்லாமல், மாலையிலும் சனி ஞாயிறிலும் அளவு மீறுபவருக்குக் குறைப்பு நன்றாகவே சரிவரும். விடியக் கண் விழித்ததும் நடுக்கத்தை அடக்க ஒரு வாய் தேவைப்படுபவருக்கு, குறைப்பு என்பது நிறுத்துவதற்குப் போகும் பாதை மட்டுமே, தங்குமிடம் அல்ல.

குறைப்பதற்கும் பலன் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஆண்களின் குடியை நாளொன்றுக்கான சுத்த மதுசாரத்தின் அளவால் பிரிக்கிறது. 40 கிராம் வரை குறைந்த ஆபத்து, 40 முதல் 60 வரை நடுத்தரம், 60 முதல் 100 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். பெண்களுக்கு அந்த எல்லைகள் 20, 40, 60. மிக அதிகம் என்ற படியில் இருப்பவர் இரண்டு படி இறங்கினாலே பிரஷரும் ஈரலும் வீட்டு நிலைமையும் தேறுவதைக் காணலாம். "குறைந்த ஆபத்து" என்றால் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புற்றுநோயைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

நான் எவ்வளவு குடிக்கிறேன் என்று எப்படிக் கணக்கிடுவது?

மில்லிலீற்றரைப் போத்தலில் எழுதியிருக்கும் வீதத்தால் பெருக்கி, 100 ஆல் பிரித்து, 0.79 ஆல் பெருக்குங்கள். வருவது கிராம். 10 கிராமை ஓர் அலகு என்று வைத்துக்கொள்ளலாம்.

33.5 வீதச் சாராயத்தில் கால் போத்தல், அதாவது 180 மில்லி, ஏறத்தாழ 48 கிராம். அரைப் போத்தல் 375 மில்லி, 99 கிராம். முழுப் போத்தல் 198. பியரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 4.8 வீத லாகர் 500 மில்லி ரின் 19 கிராம், 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் 625 மில்லிப் போத்தல் 43 கிராம். "சாராயத்தை விட்டிட்டன், இப்ப பியர் மட்டும்தான்" என்று இரண்டு ஸ்ட்ரோங் போத்தல் எடுப்பவர் முந்திய கால் போத்தலைவிட ஏறத்தாழ இரு மடங்கு குடிக்கிறார்.

தவறணைக் கள்ளின் வீதம் மரத்துக்கு மரம், வேளைக்கு வேளை மாறும். காலையில் இறக்கியது மாலையில் கடுமையாகிவிடும். கசிப்பு என்ற கள்ளச் சாராயத்துக்குக் கணக்கே போட முடியாது. அளந்து குறைக்க விரும்புபவர் முதலில் கசிப்பை விட்டு, லேபல் உள்ள ஒன்றுக்கு மாற வேண்டும். செலவு கூடும்தான். ஆனால் அளவு தெரியாத ஒன்றைக் குறைக்க வழியில்லை.

கண் மதிப்பில் ஊற்றாதீர்கள். பிள்ளைகளின் பாணி மருந்தோடு வரும் சின்ன அளவுக் கோப்பை போதும். முதல் இரண்டு கிழமை எதையும் மாற்றாமல் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை மணி, எங்கே, யாரோடு, என்ன, எத்தனை மில்லி, எவ்வளவு காசு. எழுதத் தொடங்கியதுமே கொஞ்சம் குறையும். கடைசிக் கால் போத்தல் எப்போதும் ஒரே கூட்டாளியோடு, ஒரே இடத்தில்தான் உடைக்கப்பட்டிருக்கிறது என்பதும் அந்தக் கொப்பியில் தெரியவரும்.

குறைக்கவே முயலக் கூடாதவர்கள் யார்?

குடியை நிறுத்தியபோது முன்பு வலிப்பு வந்தவர், கண்டபடி பிதற்றியவர், ஈரல் சுருங்கியவர், கணைய அழற்சியால் படுத்தவர், கர்ப்பிணிகள். வெறியில் மனைவி பிள்ளைகளை அடிப்பவரும் இதில் சேர்வார். அங்கே இரண்டு பெக்கா நான்கா என்ற பேச்சுக்கு இடமில்லை. காசநோய் மருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், வலிப்பு மருந்து, நித்திரைக் குளிசை எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் எந்த அளவையும் வைத்துக்கொள்ளக் கூடாது. இவர்களுக்கு முழு நிறுத்தம்தான் வழி, அதுவும் வைத்தியரின் கண்காணிப்பில்.

மற்றவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவம் உதவும். கிளினிக்கில் கேட்டால் நிரப்பித் தருவார்கள். 40 புள்ளியில் 8 அல்லது அதற்கு மேல் என்றால் கவனம். 20 அல்லது அதற்கு மேல் என்றால் உடம்பு அடிமைப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், தனியாக எதையும் தொடங்க வேண்டாம்.

அப்படியென்றால் நாளைக்கே நிறுத்தினால் என்ன? கோயிலில் சத்தியம் செய்தால்?

தினமும் நிறையக் குடிப்பவருக்கு இந்த வழிகளிலேயே ஆபத்தானது இதுதான். கடைசிக் குடி முடிந்து 6 முதல் 24 மணித்தியாலத்தில் நடுக்கம், வியர்வை, ஓங்காளம், படபடப்பு தொடங்கும். 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிவிலிருந்து நான்காம் நாள் வரை, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது, இல்லாத ஆளோடு பேசுவது, காய்ச்சல், வெருட்சி வரலாம். அந்த மூன்றாம் நாளில்தான் "பேய் பிடிச்சிட்டுது" என்று நூல் கட்டக் கொண்டு போகிறார்கள். அது பேயில்லை, உயிரைக் குடிக்கும் மருத்துவ அவசரம். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஐயப்பனுக்கு மாலை போடுவதும், கந்தசஷ்டி விரதமும், வெருகல் வழியாகப் போகும் கதிர்காமப் பாதயாத்திரையும், ரமழான் நோன்பும் நல்ல தொடக்கங்களே. ஆனால் காப்புக் கட்டும் நாளன்று திடீரென்று நிறுத்தாமல், ஒன்றரை மாதம் முன்னதாகவே குறைக்கத் தொடங்க வேண்டும். பலநாள் படகில் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கரையில் தினமும் அரைப் போத்தல் குடித்துவிட்டுச் சாராயம் இல்லாத படகில் ஏறினால், இரண்டாம் நாள் நடுக்கடலில் வலிப்பு வரலாம். அங்கே 1990 வராது.

வீட்டிலிருந்தே படிப்படியாகக் குறைப்பது எப்படி?

நாளுக்கு அரைப் போத்தல் வரை குடிப்பவர், முன்பு வலிப்பு வராதவர், வீட்டில் கூட இருந்து பார்க்க ஒருவர் உள்ளவர் மட்டும் இதைச் செய்யலாம். தொடங்குமுன் ஒரு முறை டொக்டரிடம் காட்டிவிடுங்கள். அரைப் போத்தலைத் தாண்டுபவர்கள் ஆஸ்பத்திரி மருந்தோடுதான் இறங்க வேண்டும்.

முதல் நான்கு நாள் அளவைக் குறைக்காமல், குடிக்கும் நேரத்தை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். 375 மில்லியையும் ஒரே இருப்பில் முடிக்காமல் மூன்று நேரமாகப் பிரிக்க வேண்டும். பிறகு நான்கு நாளுக்கு ஒரு தரம் 35 மில்லி குறையுங்கள்: 340, 305, 270 என்று. முதலில் மத்தியான அளவில் கை வையுங்கள், நடுக்கத்தை அடக்கும் காலை அளவைக் கடைசியாகத் தொடுங்கள். இந்த வேகத்தில் 75 மில்லிக்குக் கீழே வர ஐந்து கிழமைக்குச் சற்று மேல் ஆகும். நடுக்கமோ வியர்வையோ வந்தால் முந்திய அளவுக்குத் திரும்பி, அடங்கும்வரை அங்கேயே நில்லுங்கள். அது தோல்வியில்லை, வேகம் கூடிவிட்டது என்பதற்கான அறிகுறி.

பிழை வருவது பெரும்பாலும் மூன்று இடத்தில். காலையில் குடிக்காமல் "மிச்சம் பிடித்து" இரவில் எல்லாவற்றையும் சேர்த்து அடிப்பது, உடம்புக்குத் தினமும் ஒரு திடீர் நிறுத்தம் போல. முழுப் போத்தலை வீட்டில் வைத்து அளப்பது நடக்காத காரியம், அன்றைய அளவு மட்டும் வெளியே இருக்க மிச்சம் இன்னொருவரிடம் பூட்டில் இருக்க வேண்டும். மூன்றாவது, நித்திரை வரவில்லை என்று யாரோ தந்த டயசிபாமைச் சாராயத்தோடு போடுவது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு நிற்கும். ஆஸ்பத்திரியில் அதே வகை மருந்தைச் சாராயத்துக்குப் பதிலாகத்தான் கொடுக்கிறார்கள், கூடவே அல்ல.

தயமின் (வைற்றமின் பி1) குளிசையை டொக்டர் சொன்னபடி எடுங்கள், வழக்கமாக 100 மில்லிகிராம் குளிசை நாளுக்கு இரண்டு மூன்று தரம். சோறு இல்லாமல் பைட்டோடு மட்டும் ஆண்டுக்கணக்கில் குடித்தவருக்கு இந்தச் சத்து வற்றிப்போயிருக்கும். கண் தடுமாறி, நடை தள்ளாடி, நினைவு குழம்பினால் அதை வெறி என்று விட்டுவிடாதீர்கள். ஊசியாகத் தயமின் போடாவிட்டால் நினைவு திரும்பாமலே போகலாம்.

எந்த அளவில் வந்து நிற்பது?

2020 இல் வெளியான அவுஸ்திரேலிய வழிகாட்டல் ஆரோக்கியமான பெரியவருக்குச் சொல்வது கிழமைக்கு 10 அலகு, ஒரே நாளில் 4 ஐத் தாண்டாமல். சாராயத்தில் அது கிழமைக்கு ஓர் அரைப் போத்தல், ஒரு நாளில் 150 மில்லிக்கு மேல் இல்லை. அதையும் தினமும் பிரித்துக் குடிக்காமல், கிழமையில் குறைந்தது மூன்று நாலு நாள் தொடாமல் இருப்பது நல்லது.

குறைப்புத் திட்டங்கள் சில முதல் 30 நாள் ஒரு சொட்டும் இல்லாமல் இருக்கச் சொல்கின்றன. நல்ல சோதனை அது. (மேலே சொன்ன ஆபத்து இல்லாதவருக்கு மட்டும்.) அந்த 30 நாளை உங்களால் கடக்க முடியவில்லை என்றால், குறைப்பு உங்களுக்கான வழியில்லை என்பதற்கு அதைவிட நேரான பதில் கிடைக்காது. மூன்று மாதம் முயன்றும் கொப்பியில் கிழமைக்கு இரண்டு மூன்று நாள் எல்லை மீறியிருந்தாலும் அதே பதில்தான்.

இரத்தப் பரிசோதனையும் உதவும். காமா ஜி.ரி. என்ற ஈரல் அளவு, குடி குறைந்து சில கிழமையில் இறங்கத் தொடங்கும். தொடக்கத்தில் ஒரு தரம், இரண்டு மாதத்தில் ஒரு தரம் பார்த்தால் கொப்பி சொல்வதை அது உறுதிப்படுத்தும், அல்லது பொய்யாக்கும்.

ஈரல் ஒரு மணித்தியாலத்துக்கு ஓர் அலகு அளவில்தான் எரிக்கும். இரவு 11 மணிக்குக் கால் போத்தல் முடித்தவர் விடிய 4 மணிக்கு வள்ளம் தள்ளும்போதும், 5 மணி பஸ்ஸை எடுக்கும்போதும் இன்னும் வெறியில்தான் இருக்கக்கூடும். தேசிக்காய், பிளேன்டீ, குளிர்ந்த நீர்க் குளியல் எதுவும் இதை வேகப்படுத்தாது.

குடிக்குமுன் போடும் மாத்திரை என்கிறார்களே, அது என்ன?

நல்ட்ரெக்சோன். 50 மில்லிகிராம். குடித்தால் மூளையில் சுரக்கும் சுகத்தை அது மறிக்கிறது. குடிக்க ஒரு மணித்தியாலம் முன் போட்டுக் குடித்தால், பழைய ருசி வராது. மாதக்கணக்கில் அப்படியே செய்யும்போது ஆசை தானாகத் தேய்கிறது. ஐரோப்பாவில் இதே முறைக்கு நல்மெஃபீன் என்ற உறவுமுறை மருந்து 2013 இல் அனுமதிக்கப்பட்டது. தினமும் ஒன்று என்றும் நல்ட்ரெக்சோனைக் கொடுப்பதுண்டு.

வெறி ஏறுவதை இது தடுக்காது. மாத்திரை போட்டேன், ஓட்டோ ஓடலாம் என்று நினைக்க வேண்டாம். முதல் சில நாள் ஓங்காளமும் தலையிடியும் வரும், சாப்பாட்டோடு அரை மாத்திரையில் தொடங்கினால் தாங்கலாம். தொடங்குமுன் ஈரல் பரிசோதனை வேண்டும். ஹெரோயின், டிரமடோல், கோடீன் எடுப்பவர் 7 முதல் 10 நாள் அவற்றிலிருந்து விலகிய பிறகே தொடலாம், இல்லாவிட்டால் சில நிமிடத்தில் கடும் உடல் முறிவு (போதையை நிறுத்தியதும் உடம்பு படும் உபாதை) வரும். விபத்தில் அடிபட்டால் மோர்ஃபின் போன்ற வலிநிவாரணி வேலை செய்யாது, அதனால் "நல்ட்ரெக்சோன் எடுக்கிறேன்" என்று ஒரு சீட்டைப் பேர்ஸில் வைத்திருங்கள்.

இது தோற்பது மருந்தால் அல்ல, போடாமல் விடுவதால். "இண்டைக்குக் கலியாண வீடு, இண்டைக்கு மட்டும்" என்று மாத்திரையை விட்டுக் குடிக்கும் நாள்தான் பழைய ருசியைத் திரும்பக் கற்றுக்கொடுக்கிறது. மனநல வைத்தியரின் சீட்டு வேண்டும். எந்தப் பாமசியில் கிடைக்கும் என்று சீட்டு எழுதும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அகம்ப்ரொசேட் வேறு. அது நிறுத்தியவர் நிறுத்தியபடி இருக்கத் துணை செய்வது, 666 மில்லிகிராம் நாளுக்கு மூன்று தரம். சிறுநீரகம் பழுதானவருக்கு ஆகாது.

அவருக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலந்து கொடுக்கலாமா?

கூடாது. அப்படிக் கலப்பது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அது குறைப்பதற்கான மருந்தே அல்ல. உடம்பில் அது இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் விழும். இதய நோய் உள்ளவர் செத்தும் போகலாம். தெரிந்து, சம்மதித்து, கடைசிக் குடிக்குப் பின் 12 மணித்தியாலமாவது கழித்து எடுப்பவருக்கு மட்டுமே. கடைசிக் குளிசைக்குப் பிறகும் இரண்டு கிழமை வரை இந்த விளைவு நிற்கும். சில ஆயுர்வேத அரிஷ்டங்களிலும் இருமல் பாணிகளிலும் மதுசாரம் இருப்பதால் அவையும் ஆகாது. பத்திரிகை விளம்பரத்தில் வரும் "குடிமறக்கும் தூள்"களில் என்ன இருக்கிறதென்று எழுதியிருக்காது. அதுவே வாங்காமலிருக்கப் போதுமான காரணம்.

வீட்டுக்காரி என்ன செய்யலாம்?

வெறியில் இருக்கும்போது கணக்குக் கேட்காதீர்கள். காலையில், தெளிந்த பிறகு, கொப்பியை இருவரும் பாருங்கள். பூட்டுச் சாவி உங்களிடம் இருக்கலாம், ஆனால் அவர் சம்மதித்த அளவை அவர் சம்மதித்த நேரத்துக்குக் கொடுத்தே ஆகவேண்டும். கோபத்தில் பூட்டிவைத்து ஒரேயடியாக மறித்தால் வலிப்பு வரலாம், அல்லது அவர் கசிப்புக்குப் போவார். சம்பளக் காசில் வீட்டுச் செலவை முதல் நாளே பிரித்தெடுக்க ஒப்பந்தம் செய்யுங்கள். அடி விழும் வீடு என்றால் இந்தப் பகுதி உங்களுக்கானதல்ல, முதலில் உங்கள் பாதுகாப்பு.

தூளுக்கு இப்படி ஏதும் உண்டா?

உண்டு. அளவோடு ஹெரோயின் என்று ஒன்று இல்லை, மருந்தால் மாற்றுவதுதான் உண்டு. மெதடோனும் புப்ரெனோர்ஃபினும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. மெதடோன் வழக்கமாக நாளுக்கு 60 முதல் 120 மில்லிகிராம், புப்ரெனோர்ஃபின் நாக்குக்கடியில் 8 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், மாதக்கணக்கில் அல்லது ஆண்டுக்கணக்கில். "ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு அடிமையா?" என்பார்கள். இன்சுலின் போடுபவரை அப்படிக் கேட்பதில்லை. ஏறி இறங்கும் போதை இல்லாமல் ஆள் வேலைக்குப் போகிறார், களவெடுப்பதில்லை. புப்ரெனோர்ஃபினை உடம்பு முறிவு தொடங்கிய பிறகே முதலில் போட வேண்டும், முந்தினால் முறிவு ஒரேயடியாக வரும்.

இலங்கையில் பெரும்பாலும் கிடைப்பது தங்கியிருந்து விடும் சிகிச்சைதான். அதன் ஆபத்தைக் குடும்பங்கள் அறிவதில்லை. கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ மறியலிலிருந்தோ வெளியே வந்த முதல் இரண்டு கிழமை மிகப் பயங்கரமானது. உடம்பின் தாங்கும் சக்தி போயிருக்கும், கை பழைய அளவையே தேடும். குடியோ பிரகபலின் என்ற நரம்புவலி மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம். கண்மணி ஊசித் துளையாகி, குறட்டை போல் மூச்சு விட்டு, உதடு நீலமானால் பக்கவாட்டில் கிடத்தி 1990 க்கு அடியுங்கள். பால், உப்புத்தண்ணி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். நலோக்சோன் ஊசி மூச்சைத் திருப்பும், ஆனால் அதன் வேலை ஒரு மணித்தியாலமளவில் ஓய்ந்துவிடும். எழும்பியவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடக் கூடாது.

ஐஸ், கஞ்சா?

ஐஸ் எனப்படும் மெதம்ஃபெற்றமினுக்கு மாற்று மருந்து இதுவரை இல்லை. சுத்தமான சிறுநீர்ப் பரிசோதனைக்கு உடனடிச் சிறு பரிசு என்ற முறையே அதிகம் பலித்திருக்கிறது. வீட்டிலும் அதைச் செய்யலாம், பரிசைக் காசாக அல்லாமல் போன் காட், கிரிக்கெட் மட்டை என்று கொடுங்கள். கஞ்சாவை இரவுக்கு மட்டும் என்று ஒதுக்கிக் குறைக்கச் சிலரால் முடியும். காதில் குரல் கேட்பவருக்கும் குடும்பத்தில் மனநோய் உள்ளவருக்கும் முழு நிறுத்தம்தான்.

சிகரெட்டை எண்ணிக் குறைத்தால்?

இருபதைப் பத்தாக்கியவர் ஒவ்வொன்றையும் ஆழ இழுத்து அதே நிக்கொட்டினை எடுத்துவிடுவார். நிக்கொட்டின் சுவிங்கம் நல்ல மாற்று. எழும்பி 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. கூச்சம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, கூச்சம் போனதும் திரும்ப மெல்ல வேண்டும். தொடர்ந்து மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிவும்தான் மிச்சம். பிளேன்டீ குடித்து 15 நிமிடம் கழித்தே வாயில் போடுங்கள்.

புகையிலை இல்லாத வெற்றிலை பாதுகாப்பு என்பது பிழை. பாக்கு தனியாகவே வாய்ப்புற்றைத் தரும்.

திருகோணமலையில் எங்கே போவது?

மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு. மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்தவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் நாளைக் கேட்டுப் போகலாம். தொலைபேசியில் 1926 தேசிய மனநல உதவி இலக்கம், 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, 1948 புகையை விட உதவும் இலக்கம். தமிழில் பேச வேண்டும் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

போகும்போது கொப்பி, எடுக்கும் எல்லா மருந்தின் மட்டைகள், பழைய இரத்த றிப்போட்டுகள், கூட இருந்து பார்த்த ஒருவர். கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்பதைப் பொய்யில்லாமல் சொல்லுங்கள், மருந்தின் அளவை அந்த மணிக்கணக்கை வைத்துத்தான் போடுகிறார்கள். "குறைக்க விரும்புகிறேன், முழுதாக விட இப்போது தயாரில்லை" என்று நேரே சொல்லலாம். அதற்காகத் திருப்பி அனுப்பினால், இன்னொரு கிளினிக் நாளில் இன்னொரு டொக்டரிடம் போங்கள்.